கடைக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர் கோலோச்சிய காலத்தில், ஒரு தோட்டத்தின் பொலிவையும் நலிவையும் முதலில் அறிந்தவர் யார்? துரை அறிந்தது ரப்பரின் விலையை. கிராணியார் அறிந்தது பெரட்டில் நின்ற ஆட்களின் கணக்கை. ஆனால் தோட்டத்து மக்கள் எப்படி வாழ்கின்றனர் என்பதை முதலில் அறிந்தவர் மளிகைக் கடைக்காரரே ஆவார்.

பால் மிகுந்து சம்பளம் உயர்ந்த மாதத்தில் அரிசி, பருப்புடன் பிள்ளைகளுக்குத் தின்பண்டமும் வீட்டுக்காரிக்கு ஒரு சேலையும் விலைபோகும். மரங்கள் இலையுதிர்த்துப் பால் குன்றும் ஆண்டுத் தொடக்கத்திலும், விடாமழையால் மரம் சீவ இயலாத நாள்களிலும் கருவாடும் உப்பும் மட்டுமே விலைபோகும். 1950களில் தொழிற்சங்க உடன்படிக்கைகளின்படி கூலியே ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆதலால் கொரியப் போரின்போது 1950, 1951ஆம் ஆண்டுகளில் ரப்பர் விலை விண்ணை முட்டிய செய்தியும், பின்னர் அது சரிந்த செய்தியும் தோட்டத்துக் கடையின் பலகைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆகவில்லை.

கடைக்காரர் கண்ட இவ்வுண்மையையே இன்று உலக நாடுகள் பலவும் மாதந்தோறும் எண்ணாக்கி வெளியிடுகின்றன. அதற்குச் சில்லறை விற்பனைக் கணக்கு என்று பெயர். செய்தித்தாளில் "சில்லறை விற்பனை இத்தனை விழுக்காடு உயர்ந்தது" என்று ஒரு வரி வருகிறது. அதைக் கண்டு நாடு செழிக்கிறது என்று சிலர் மகிழ்கின்றனர். நம் பையில் ஒன்றுமில்லையே என்று சிலர் ஐயுறுகின்றனர். இருவரும் அந்த எண்ணைச் சரியாகப் படிக்கவில்லை என்பதே நம் கருத்து. அதைப் படிக்கும் முறை யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

எண் பிறக்கும் விதம்

மலேசியாவில் இக்கணக்கை எடுப்பது புள்ளிவிவர இலாகா. வாணிகத்தை மூன்று கூறாகப் பிரித்து அவ்விலாகா கணக்கிடுகிறது. மொத்த விற்பனை ஒன்று. சில்லறை விற்பனை மற்றொன்று. மோட்டார் வண்டி விற்பனையும் பழுதுபார்ப்பும் மூன்றாவது. மூன்றும் சேர்ந்து மாதம் ஒன்றுக்கு 10,000 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகையாகும். நாட்டிலுள்ள கடை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி எண்ணுவது இயலாத செயல். ஆதலின் தெரிந்தெடுத்த நிறுவனங்களிடமிருந்து விற்பனை விவரம் பெற்று, அதைக் கொண்டு முழுமையை மதிப்பிடுகின்றனர். ஒரு மாதத்துக் கணக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களில் வெளிவருகிறது. அமெரிக்காவில் இன்னும் விரைவு. அங்குள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை முந்திய மாதத்தின் முதல் மதிப்பீட்டை அடுத்த மாதத்தின் நடுப்பகுதியிலேயே வெளியிட்டு, பின்னர் வரும் மாதங்களில் அதைத் திருத்துகிறது.

இவ்வெண்ணுக்கு ஏன் இத்துணை மதிப்பு? மலேசியாவின் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 60 விழுக்காடு மக்கள் தம் வாழ்வுக்காகச் செய்யும் செலவாகும். அச்செலவில் பெரும்பகுதி கடைகளின் வழியே நடைபெறுகிறது. மக்கள் கை சுருங்கினால் கடை சுருங்கும். கடை சுருங்கினால் மொத்த வணிகர் கொள்முதலைக் குறைப்பர். அதன் பிறகு ஆலை குறைக்கும். இறுதியில் வேலை குறையும். சங்கிலியின் முதற்கண்ணி கடையிலே இருக்கிறது.

2020ஆம் ஆண்டு இதற்குச் சான்று. கொரோனா தொற்றை ஒடுக்க அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. அவ்வாண்டின் இரண்டாம் காலாண்டில் நாட்டின் பொருளியல் 17.1 விழுக்காடு சுருங்கியது என்னும் செய்தி ஆகஸ்டு மாதம் 14ஆம் நாளே அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் மாத விற்பனை விழுந்த கதையோ ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. மருத்துவர் முழுச் சோதனை செய்து முடிப்பதற்கு முன் நாடி பிடித்துப் பார்ப்பது போன்றது இக்கணக்கு. நாடி பார்த்தலும் ஒரு கலையே. துடிப்பு விரைவாக இருப்பதெல்லாம் உடல்வலிமை ஆகிவிடாது, காய்ச்சலிலும் நாடி விரையும் அன்றோ?

சில்லறை என்பது எது?

மொத்தமாக வாங்கிய பொருளைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, பயன்படுத்துவோர்க்கே நேராக விற்பது சில்லறை வாணிகம். சிறு நாணயத்தையும் நாம் சில்லறை என்றே கூறுகிறோம். இவ்வாணிகம் தமிழர்க்குப் புதியதன்று. பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இன்று புஞ்சாக் ஆலாமில் மாலை மயங்கும் வேளையில் விளக்கொளியில் கூடும் பசார் மாலாம் என்னும் மலாய்ப் பெயருக்கும் இரவுச் சந்தை என்பதே பொருள். அல்லங்காடி என்று அதனை அழைத்தால் பிழையாகாது.

ஆயினும் வீட்டுச் செலவு முழுவதும் சில்லறை விற்பனையில் அடங்காது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, பேருந்துக் கட்டணம், கைப்பேசிக் கட்டணம் ஆகியவை கடைச் சரக்கல்ல. உணவகத்தில் உண்ணும் உணவை மலேசியக் கணக்கு வேறிடத்தில் வைக்கிறது. அமெரிக்கக் கணக்கோ அதையும் சில்லறை விற்பனை அறிக்கையிலேயே சேர்த்துச் சொல்கிறது. ஆகவே இரு நாடுகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவோர் முதலில் இந்த வேறுபாட்டை நோக்குதல் வேண்டும்.

விலையேற்றம் என்னும் மாயம்

சில்லறை விற்பனையைப் பணமாகவே எண்ணுகின்றனர். பணமாக எண்ணும்போது விலையும் அளவும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். ஒரு கடையில் சென்ற ஆண்டு ஒரு மாதத்தில் அரிசி மூட்டை ஒன்று 28 ரிங்கிட் வீதம் 100 மூட்டை விற்றது. வரவு 2,800 ரிங்கிட். இவ்வாண்டு அதே மாதத்தில் விலை 32 ரிங்கிட் ஆயிற்று. 95 மூட்டையே விற்றது. வரவு 3,040 ரிங்கிட். கணக்கின்படி விற்பனை 8.6 விழுக்காடு உயர்ந்துவிட்டது. உண்மையிலோ ஊரார் 5 மூட்டை குறைவாக வாங்கியிருக்கின்றனர். பேரேடு செழித்தது, பானை மெலிந்தது.

இது வெறுங்கற்பனை என்று தள்ளுவதற்கில்லை. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொட்டு, இறக்குமதி வெள்ளரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாகப் பெர்னாஸ் நிறுவனம் உயர்த்தியது. இது 36 விழுக்காட்டு உயர்வு. அரிசியை விட்டுவிட முடியுமா? வாங்கித்தான் ஆகவேண்டும். விலை உயர்ந்தும் குடும்பம் அதே அளவு அரிசியை வாங்கினால், அக்குடும்பம் முன்னினும் செழிப்பாக உண்டது என்று கருதலாமா?

இக்குறையை நீக்கவே, விலையேற்றத்தைக் கழித்துவிட்டு, பண்டத்தின் அளவு மட்டும் எத்துணை ஏறியது என்று காட்டும் மற்றொரு குறியீட்டையும் புள்ளிவிவர இலாகா வெளியிடுகிறது. செய்தித்தலைப்பில் பெரும்பாலும் இடம்பெறுவது பண மதிப்பே. அளவுக் குறியீட்டைத் தேடிப் படிப்பவரே உண்மையை நெருங்குகின்றனர்.

திருநாள்கள் நகரும்போது

இரண்டாவது இடையூறு திருநாள். நோன்புப் பெருநாள் சந்திரனைப் பின்பற்றி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2022இல் மே 2. 2023இல் ஏப்ரல் 22. 2024இல் ஏப்ரல் 10. 2025இல் மார்ச் 31. ஆகவே 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருநாள் வாணிகம் முழுவதும் அடங்கிற்று. முந்திய ஆண்டில் அவ்வாணிகத்தின் ஒரு பகுதி ஏப்ரலில் நடந்தது. இதை மறந்து மார்ச்சை மார்ச்சுடன் ஒப்பிடுபவர் செழிப்பைக் காண்பார். ஏப்ரலை ஏப்ரலுடன் ஒப்பிடுபவர் நலிவைக் காண்பார். இரண்டும் நாள்காட்டி செய்த வேடிக்கை.

நம் தீபாவளியும் அத்தகையதே. 2023இல் அது நவம்பர் 12ஆம் நாள் வந்தது. 2024இல் அக்டோபர் 31. புஞ்சாக் ஆலாமிலிருந்தும் ஈஜோக்கிலிருந்தும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குச் சென்று துணி எடுக்கும் நம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 2023இல் அவர்கள் நவம்பர் மாதத்திலும் துணி எடுத்தனர். 2024இல் தீபாவளிக்கான வாணிகம் அக்டோபரோடு முடிந்தது. அத்துணிக்கடைக்காரர் 2024 நவம்பரில் தம் கணக்கைப் பார்த்து, வாணிகம் படுத்துவிட்டதே என்று கவலையுற்றால், அக்கவலைக்குக் காரணம் பொருளியல் அன்று, பஞ்சாங்கமே.

இத்தகைய ஏற்ற இறக்கங்களைக் கழித்துப் பார்ப்பதற்குப் புள்ளிவிவர அறிஞர்கள் முறைகள் வகுத்துள்ளனர். டிசம்பர்த் திருநாள் ஆண்டுதோறும் அசையாது நிற்கும் மேலைநாடுகளில் இப்பணி எளிது. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி என மூன்று திருநாள்கள் நகரும் இந்நாட்டுக்கு, அம்மூன்றையும் கணக்கில் கொள்ளும் தனிமுறையை இங்குள்ள அறிஞர்களே உருவாக்கினர். தீபாவளி ஒரு கணித வாய்பாட்டில் இடம்பெற்ற செய்தி தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தியாகும்.

வரியும் முன்கூட்டிய வாங்கலும்

மூன்றாவது இடையூறு வரிமாற்றம். 2015 ஏப்ரல் முதல் நாள் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி இந்நாட்டில் நடப்புக்கு வந்தது. வரும் முன்னரே வாங்கிவிடுவோம் என்று மார்ச் மாதத்தில் மக்கள் கடைகளில் குவிந்தனர். மார்ச் உயர்ந்தது, அதன் பின்னர் கடைகள் வெறிச்சோடின. 2018 ஜூன் முதல் நாள் அவ்வரி சுழியமாக்கப்பட்டது. செப்டம்பர் முதல் நாள் விற்பனை சேவை வரி மீண்டது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் கார் வாங்க மக்கள் முண்டியடித்தனர். ஜப்பானில் 2014 ஏப்ரலிலும் 2019 அக்டோபரிலும் நுகர்வு வரி உயர்த்தப்பட்டபோதும் இதே கதை நடந்தது. நாளை வாங்க வேண்டியதை இன்றே வாங்கினால் இன்றைய கணக்கு உயரும். நாளைய கணக்கு தாழும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மக்கள் வாழ்வு உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

ஊர் பெருத்தால் கடை பெருக்கும்

நான்காவது இடையூற்றைக் காண நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. புஞ்சாக் ஆலாமே போதும். காடும் தோட்டமும் சூழ்ந்திருந்த இப்பகுதியில் வீடமைப்புத் திட்டங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் ஒன்று வந்தது. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டு ஈஜோக் வட்டாரம் தலைநகர்ப் பகுதியோடு நெருக்கமாக இணைந்தது. பேரங்காடிகள், மருந்துக் கடைகள், கைப்பேசிக் கடைகள் பெருகின.

இவ்வூரின் கடை வரவை மட்டும் கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அவ்வரவை ஊரில் வாழும் மக்களின் தொகையால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். நூறு குடும்பம் இருந்த இடத்தில் ஆயிரம் குடும்பம் குடியேறினால் கடை வரவு பத்து மடங்காகும். ஒரு குடும்பத்தின் வாழ்வு ஒரு காசும் உயர்ந்திராது. புதிய சாலையோரக் கடைகளின் விளக்கொளி, அருகிலுள்ள தோட்டத்து லயத்தின் அடுப்படியில் என்ன வேகிறது என்பதைக் காட்டுவதில்லை. 1917இல் இந்நாட்டில் முதன்முதலாக வாணிக நோக்கில் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. தோட்டமும் புதுநகரும் அருகருகே நிற்கும் இம்மாவட்டத்தில் ஒரே கூட்டுத்தொகை இரண்டு வாழ்க்கைகளையும் ஒன்றாக மூடிவிடும்.

பணம் எங்கிருந்து வந்தது?

இனி இறுதியானதும் தலையாயதுமான இடையூற்றுக்கு வருவோம். தோட்டத்துக் கடைக்காரரின் பேரேட்டில் பற்று, வரவு என இரு பத்திகள் உண்டு. எடுத்துச் சென்ற சரக்கு பற்றில் ஏறும். கட்டிய பணம் வரவில் ஏறும். வாங்குவோரின் சட்டைப்பையிலும் 555 என்று எண்ணிட்ட சிறு புத்தகம் இருக்கும். பற்று ஏறிய மாதமெல்லாம் நல்ல மாதம் என்று எந்தக் கடைக்காரரும் எண்ணியதில்லை. பற்று ஏறி வரவும் ஏறினால் மகிழ்ந்தார். பற்று ஏறி வரவு நின்றால் உறக்கம் இழந்தார்.

நாட்டின் சில்லறை விற்பனைக் கணக்கிலோ பற்றுப் பத்தி மட்டுமே உண்டு. ரொக்கம் கொடுத்து வாங்கியதும் விற்பனை. கடன் அட்டையில் வாங்கியதும் விற்பனை. தவணையில் வாங்கியதும் விற்பனை. சேமிப்பைக் கரைத்து வாங்கியதும் விற்பனை. பணம் உழைப்பில் வந்ததா, கடனில் வந்ததா, முதுமைக்கு வைத்ததை உடைத்து வந்ததா என்று அவ்வெண் கேட்பதில்லை.

2022ஆம் ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டை எடுத்துக்கொள்வோம். கடைகளில் கூட்டம் நிரம்பிற்று. அக்காலாண்டில் நாட்டின் பொருளியல் 8.9 விழுக்காடு வளர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணங்கள் பல. ஏப்ரல் முதல் நாள் நாட்டின் எல்லைகள் திறக்கப்பட்டன. மே முதல் நாள் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. மே 2ஆம் நாள் நோன்புப் பெருநாள் வந்தது. முந்திய ஆண்டு ஜூன் மாதத்தில் முழு முடக்கம் இருந்தமையால் ஒப்பீட்டுக்குரிய எண்ணே தாழ்ந்து கிடந்தது. இவற்றுடன் மற்றொன்றும் சேர்ந்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து ஒருவர் 10,000 ரிங்கிட் வரை எடுத்துக்கொள்ளச் சிறப்பு அனுமதி அந்த ஏப்ரலில் வழங்கப்பட்டது.

தொற்றுக்காலத்தில் வழங்கப்பட்ட நான்கு அனுமதிகளில் அது இறுதியானது. நான்கிலுமாகச் சேமநிதியிலிருந்து வெளியேறிய தொகை ஏறத்தாழ 14,500 கோடி ரிங்கிட். வேலை இழந்து உலையில் அரிசி போட வழியின்றி நின்றவர்க்கு அப்பணம் உயிர் காத்தது. அதை எடுத்தவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். 2022 இறுதியில், 55 வயதுக்குட்பட்ட சேமநிதி உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் தம் கணக்கில் 10,000 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே வைத்திருந்தனர். கடைக் கணக்கில் ஏறிய பணத்தின் ஒரு பகுதி, அவர்களுடைய அறுபதாம் வயதுச் சோற்றிலிருந்து எடுத்தது. விற்பனை எண் அதை வளர்ச்சி என்றே எழுதிக்கொண்டது.

வருவாய் வரும் வாய்க்கால் சிறியதாயினும் அதனால் கேடு வந்துவிடாது, செலவு வெளியேறும் வாய்க்கால் பெரிதாகாமல் காத்துக்கொண்டால் போதும் என்ற கருத்தை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்திருக்கிறார். அவர் இரு வாய்க்கால்களையும் ஒருங்கே நோக்கச் சொல்கிறார். சில்லறை விற்பனைக் கணக்கு காட்டுவது வெளியேறும் வாய்க்காலை மட்டுமே. உள்வரும் வாய்க்காலை அறிய வேண்டுமாயின் சம்பளம், வேலைவாய்ப்பு, வீட்டுக் கடன், சேமிப்பு ஆகியவற்றின் கணக்குகளையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

படிக்கும் முறை

ஆகவே இவ்வெண்ணை ஒதுக்கித் தள்ளுவதும் தவறு. அதனை மட்டும் நம்புவதும் தவறு. நாட்டின் பொருளியல் திரும்பும் திசையை விரைந்து காட்டுவதில் இதற்கு நிகரானவை சிலவே. பொருளியலாளர் இதனை நாடுவதற்கும், வட்டி விகிதத்தை முடிவு செய்யும் மத்திய வங்கிகள் இதனை நோக்குவதற்கும் காரணம் அதுவே. ஆயினும் "விற்பனை உயர்ந்தது" என்னும் வரியைக் கண்டவுடன் ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்வோம். உயர்ந்தது விலையா, அளவா? எந்தத் திருநாள் எந்த மாதத்தில் விழுந்தது? வரி மாற்றத்துக்கு அஞ்சி முன்கூட்டி வாங்கினரா? மக்கள்தொகை பெருகியதா? வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது?

வகுப்பறையிலும் இதை நடத்திப் பார்க்கலாம். மாணவர்கள் தம் வீட்டு மளிகைச் சீட்டை மூன்று மாதம் சேர்த்துவைத்து, ஒவ்வொரு மாதமும் தொகை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஒரு பத்தி எழுதி வரட்டும். பாமாயிலின் விலை, பாட்டியின் வருகை, தீபாவளி, அப்பாவின் மிகைநேரச் சம்பளம் எல்லாம் அப்பத்தியில் வந்து சேரும். நாட்டுக் கணக்கை விளக்கும் அறிஞர் செய்வதும் அதுவே. அவர் சீட்டு பெரிது, அவ்வளவே.

தோட்டத்துக் கடைகள் பல இன்று மூடப்பட்டுவிட்டன. பேரேடுகள் கரையானுக்கு இரையாயின. ஆனால் அக்கடைக்காரர் மாத முடிவில் விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு, பற்றுப் பத்தியை ஒரு விரலாலும் வரவுப் பத்தியை மற்றொரு விரலாலும் தொட்டுத் தொட்டுப் படித்தாரே, அம்முறை மட்டும் அழியாமல் நம்மிடம் இருத்தல் வேண்டும். ஒரு விரலால் படிப்பவர்க்கு நாடு செழித்ததாகவே தோன்றும். இரு விரலாலும் படிப்பவரே யாருடைய வீட்டில் செழித்தது, யாருடைய வீட்டில் கடன் ஏறியது என்பதை அறிவர்.